வக்கீல் வேலையை விட்டு பூட்டு செய்யப் போனவர்: யார் இந்த அர்தேஷிர் கோத்ரெஜ்? இ-பைக் பூட்டு வாங்கும் முன் இவர் கதை ஏன் தெரியணும்?

தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டையில் இருந்து சின்னமனூர் கடைவீதிக்கோ, குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கோ போய்வர ஒரு இ-பைக் தாராளமா போதும். பெட்ரோல் செலவு கிடையாது. குறைந்த வேக வண்டி என்றால் லைசென்ஸும் தேவையில்லை. ஆனா வண்டியை வயல் ஓரத்துல நிறுத்திட்டு தண்ணி பாய்ச்ச உள்ளே போறவருக்கு ஒரு கவலை கூடவே வரும். திரும்பி வரும்போது வண்டி அங்கேயே இருக்குமா?

அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கு. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, மோட்டார் திறன் 250 வாட்டுக்கு உட்பட்ட இ-பைக்குகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் பதிவில் இருந்து விலக்கு தருகின்றன. அதாவது நம்பர் பிளேட் இல்லை, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆவணம் இல்லை, கட்டாய இன்சூரன்ஸும் இல்லை. இந்த விலக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பேட்டரியைக் கழித்துப் பார்த்தால் வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்தால் சரக்கு ஆட்டோவில் தூக்கி வைத்துவிடலாம்.

இப்படிப்பட்ட வண்டி திருடு போனால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் அதைக் காக்கும் முதல் வேலையும் கடைசி வேலையும் பூட்டின் தலையில்தான் விழுகிறது. எந்தப் பூட்டை நம்பலாம், எதுக்காக நம்பலாம்? இந்தக் கேள்வியை 125 ஆண்டுகளுக்கு முன்னாலேயே கையில் எடுத்தவர் பம்பாய்க்காரரான அர்தேஷிர் கோத்ரெஜ். பீரோ, பூட்டு, சோப்பு என்று நம் வீடுகளில் புழங்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றியும், அவர் வேலையில் இருந்து இ-பைக் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பது பற்றியும் பார்க்கலாம்.

யார் இந்த அர்தேஷிர்?

1868ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி பம்பாயில், பார்சி குடும்பத்தில் பிறந்தவர் அர்தேஷிர். அப்பா பெயர் புர்ஜோர்ஜி, அம்மா தோசாபாய். ஆறு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். குடும்பப் பெயர் முதலில் கோத்ரெஜ் கிடையாது, குதேராஜீ. 1871ல் அப்பாதான் அதை கோத்ரெஜ் என்று மாற்றினார்.

அர்தேஷிர் படித்தது சட்டம். 1890ல் திருமணம் ஆனது. அடுத்த வருஷமே பெரும் துயரம் வந்தது. 1891 ஏப்ரல் மாதம், பம்பாய் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ராஜாபாய் மணிக்கூண்டில் இருந்து விழுந்து அவருடைய இளம் மனைவியும், உடன் சென்றிருந்த உறவுக்காரப் பெண்ணும் இறந்து போனார்கள். அந்த மரணங்கள் எப்படி நடந்தன என்பது பற்றி நகரமே பேசியது. நீதிமன்றம் வரை போயும் முழுத் தெளிவு கிடைக்கவில்லை. அர்தேஷிர் அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை.

வக்கீல் வேலை ஏன் நிலைக்கவில்லை?

1894ல் பம்பாயின் சட்ட நிறுவனம் ஒன்று, ஒரு கட்சிக்காரருக்காக வாதாட அவரைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்கு அனுப்பி வைத்தது. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வழக்கு நகர நகரத்தான் சிக்கல் வந்தது. கட்சிக்காரர் தரப்பில் சொல்லச் சொன்ன ஒரு விஷயத்தை அர்தேஷிரால் சரிபார்க்க முடியவில்லை. தனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை உண்மை என்று நீதிமன்றத்தில் சொல்ல அவர் மறுத்துவிட்டார். பேசிப் பார்த்தார்கள், அவர் இறங்கி வரவில்லை. வழக்கையும் விட்டார், அதோடு வக்கீல் தொழிலையும் விட்டுட்டு ஊர் திரும்பினார்.

இவர் பிறகு செய்த பூட்டுகளைப் புரிந்துகொள்ள இந்தச் சம்பவம்தான் திறவுகோல். சரிபார்க்க முடிந்ததை மட்டும் சொல்வது என்ற பிடிவாதம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

முதல் தொழில் தோல்வி

ஊர் திரும்பியவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறுவைச் சிகிச்சைக் கருவிகள் மேல் கண் போனது. அப்பாவின் நண்பரும் வசதியான பார்சி பெரியவருமான மெர்வான்ஜி காமாவிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கி, 1895ல் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் செய்யத் தொடங்கினார்.

வாங்கிக்கொள்ள வேண்டியது ஆங்கிலேயர்கள் நடத்திய ஒரு நிறுவனம். கருவிகளின் தரத்தில் அவர்களுக்குக் குறை இல்லை. சண்டை வந்தது முத்திரையில். இந்தியாவில் செய்தது என்ற முத்திரை இருந்தே ஆக வேண்டும் என்றார் அர்தேஷிர். அப்படிப் போட்டால் விற்காது என்றது நிறுவனம். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் முடிந்து போனது, கடன் மட்டும் மிஞ்சியது.

பூட்டு யோசனை எங்கிருந்து வந்தது?

ஒரு செய்தித்தாளில் இருந்து! பம்பாயில் வீடு புகுந்து திருடுவது பெருகிவிட்டது, மக்கள் தங்கள் வீடுகளை இன்னும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று காவல்துறை சொன்னதாக வந்த செய்தியை அவர் படித்தார். அப்போது கடைகளில் நல்ல பூட்டு என்றால் வெளிநாட்டில் இருந்து இறக்குமதி ஆனதுதான்.

மறுபடியும் காமாவிடம் போனார். முதல் கடனே நிலுவையில் இருக்க, அவரும் மறுபடி பணம் கொடுத்தார். 1897 மே 7ஆம் தேதி, லால்பாக் பகுதியில் பம்பாய் கேஸ் ஒர்க்ஸ் பக்கத்தில் 215 சதுர அடி கொட்டகையில் வேலை தொடங்கியது. ஒரு நடுத்தர வீட்டின் ஹாலை விடக் கொஞ்சம்தான் பெரிசு. குஜராத், மலபார் பகுதிகளில் இருந்து வந்த சுமார் ஒரு டஜன் கைவினைஞர்கள்தான் முதல் தொழிலாளர்கள்.

முதலில் வந்தது 'ஆங்கர்' என்ற பெயரில் ஒரு பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனி சாவி, ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது என்ற உத்தரவாதத்தோடு அதை விற்றார். இது பெரிய விஷயமா என்று தோணலாம். பெரிய விஷயம்தான். மலிவாக, ஒரே அச்சில் செய்யும் பூட்டுகளில் சாவி வகைகள் மிகக் குறைவு. பக்கத்து வீட்டுச் சாவி உங்கள் பூட்டையும் திறந்துவிடும். இன்றைக்கும் மிகக் குறைந்த விலைப் பூட்டுகளில் இந்த ஆபத்து இருக்கு.

லீவர் பூட்டு எப்படி வேலை செய்யுது?

பூட்டுக்கு உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். இவைதான் லீவர்கள். சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்துக்கு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், தூக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வரிசைக்கு வந்தால்தான் தாழ் நகரும். தகடுகள் அதிகமானால் சாவி வகைகளும் அதிகமாகும், ஏமாற்றித் திறப்பதும் கடினமாகும்.

இந்த லீவர்களை அழுத்திப் பிடித்திருப்பது வழக்கமாகச் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். நாள்பட அவை தளரும், உடையும். ஸ்பிரிங் போனால் பூட்டு போச்சு. அதனால் ஸ்பிரிங்கே இல்லாத லீவர் பூட்டை அர்தேஷிர் உருவாக்கி, காப்புரிமையும் பெற்றார்.

இதே லீவர் முறையை நம்ம பக்கத்திலும் கைவேலையாகச் செய்கிறார்கள். தேனிக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் செய்யும் பூட்டு அப்படிப்பட்டதுதான். மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்றே ஒரு வகைக்குப் பெயர். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அவர் செய்த இரண்டு விசித்திரப் பூட்டுகள்

'கோர்டியன்' பூட்டுக்கு இரண்டு சாவிகள். இரண்டுமே பூட்டைத் திறக்கும். ஆனால் அதில் ஒரு சாவியால் பூட்டின் உள் அமைப்பையே மாற்றிவிட முடியும். மாற்றிவிட்டால் இன்னொரு சாவி வெறும் இரும்புத் துண்டு. வேலைக்கு இருந்தவரிடம் கொடுத்த சாவி திரும்பி வரவில்லையா? பூட்டை மாற்ற வேண்டாம், உள் அமைப்பை மாற்றினால் போதும்.

'டிடெக்டர்' பூட்டு வேறு ரகம். யாராவது தவறான சாவியையோ கம்பியையோ விட்டு நோண்டினால், உள்ளே ஒரு தாழ் விழுந்து பூட்டு இறுகிவிடும். உரிமையாளர் தன் சாவியைப் போட்டுச் சரிசெய்தால்தான் மறுபடி திறக்கும். அதாவது திருட்டு முயற்சி நடந்தது என்பதைப் பூட்டே சொல்லிவிடும். இந்த யோசனை இங்கிலாந்தில் 1818லேயே சப் என்பவர் செய்த பூட்டில் இருந்தது. பம்பாய்க்கு ஏற்றபடி அதைச் செய்து காட்டியவர் அர்தேஷிர்.

திறக்கவே முடியாத பூட்டு உண்டா?

அதே இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும். லண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு கடை ஜன்னலில் பல பத்தாண்டுகள் தொங்கியது. 1851ல் லண்டனில் பெரும் கண்காட்சி நடந்த சமயத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்து காட்டினார். ஆனால் அதற்கு அவருக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதுவும் பல நாட்களாகப் பிரித்து உட்கார்ந்து செய்த வேலை.

அப்போ அந்தப் பூட்டு தோற்றதா, ஜெயித்ததா? திருடனுக்கு யாரும் 50 மணி நேரம் கொடுப்பதில்லை. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரம்தான். அந்த நேரம் திருடனின் பொறுமையை விட அதிகமாக இருந்தால் போதும். இ-பைக் பூட்டையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கணும்.

இ-பைக் பூட்டு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* ஹேண்டில் லாக் மட்டும் போதாது: அது வண்டியை ஓட்ட விடாமல் தடுக்கும், தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. எடை குறைந்த வண்டியை அசையாத ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். இரும்புத் தூண், கனமான மரம், வீட்டில் என்றால் சுவரிலோ தரையிலோ சிமென்ட் வைத்துப் பதித்த இரும்பு வளையம்.

* சக்கரத்தோடு சட்டத்தையும் சேருங்கள்: சங்கிலி சக்கரத்தில் மட்டும் இருந்தால், சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கொண்டு போகலாம். மட்கார்டு, கேரியர் போல திருகாணியில் நிற்கும் பாகங்களில் பூட்டுவது வீண்.

* மோட்டார் ஒயரைக் கவனியுங்கள்: பெரும்பாலான இ-பைக்குகளில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். அதன் ஒயர் அச்சுக்குப் பக்கத்தில் வெளியே வரும். சங்கிலி அதை இழுத்தால் பூட்டே வண்டிக்கு எதிரி ஆகிவிடும்.

* கம்பியின் தடிமன்: பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு ஹெல்மெட்டைக் காக்கத்தான் சரி. வண்டிக்கு, கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியோ யு வடிவப் பூட்டோ வேண்டும். உறை தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே இருக்கும் எஃகின் தடிமனைக் கேளுங்கள். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கையால் இயக்கும் கட்டருக்கே அதிக நேரம் தாங்காது. 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நல்லது.

* வளைவு வெளியே தெரியக் கூடாது: சங்கிலி தடிமனாக இருந்து, அதில் மாட்டும் பூட்டின் வளைவு மெலிசாக இருந்தால் பயனில்லை. வளைவின் பெரும்பகுதியை உடலே மறைத்திருக்கும் பூட்டாகப் பாருங்கள். கட்டர் நுழைய இடம் இருக்காது.

* சங்கிலி தரையில் கிடக்க வேண்டாம்: தரையில் கிடந்தால் அதன் மேல் வைத்து வெட்டுவதும் சுத்தியலால் அடிப்பதும் சுலபம். கூடிய வரை உயரத்தில், தொங்கல் இல்லாமல் கட்டுங்கள்.

* டிஸ்க் பூட்டு எல்லா வண்டிக்கும் ஆகாது: முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால்தான் மாட்ட முடியும். டிரம் பிரேக் வண்டிக்கு அது பொருந்தாது. வாங்கினால் ஹேண்டிலில் மாட்டும் நினைவூட்டுக் கயிறும் சேர்த்து வாங்குங்கள். பூட்டியதை மறந்து வண்டியை எடுத்தால் விழுவது நாமதான்.

பேட்டரிக்குத் தனிக் கவனம்

இ-பைக்கின் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான். திருடனுக்கு முழு வண்டியை விட அதை மட்டும் கொண்டு போவது எளிது. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் இரவில் வீட்டுக்குள் கொண்டு போய்விடுங்கள். கழற்ற முடியாது என்றால் சீட் பூட்டு எவ்வளவு உறுதி என்று ஷோரூமிலேயே இழுத்துப் பாருங்கள்.

ரிமோட் அலாரம் பல வண்டிகளில் கூடவே வருகிறது. வண்டியை அசைத்தால் கத்தும், சிலவற்றில் மோட்டாரையும் இறுக்கிவிடும். அர்தேஷிரின் டிடெக்டர் பூட்டு செய்த வேலையைத்தான் இது சத்தமாகச் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் இது ஓடுவது வண்டியின் அதே பேட்டரியில். சார்ஜ் தீர்ந்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அலாரமும் தூங்கிவிடும். தோப்புக்குள் இருக்கும்போது அது கத்துவது காதில் விழுமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். இரும்புப் பூட்டை விட்டுவிட்டு அலாரத்தை மட்டும் நம்பாதீங்க.

பூட்டில் இருந்து பெட்டகத்துக்கு

பூட்டு நின்றுவிட்டது, அடுத்து என்ன என்று பார்த்தார் அர்தேஷிர். பூட்டு உறுதியாக இருந்து, அதை மாட்டியிருக்கும் பெட்டி பலவீனமாக இருந்தால் என்ன பயன்? 1902ல் அவருடைய முதல் பாதுகாப்புப் பெட்டகம் விற்பனைக்கு வந்தது. இணைப்புகள் இருக்கும் இடம்தான் உடையும் இடம் என்பதால், எஃகுத் தகட்டை வளைத்து மடக்கி இணைப்புகளைக் குறைத்தார். திருட்டு மட்டுமல்ல, தீயையும் தாங்க வேண்டும் என்று பெட்டகங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நெருப்பில் வைத்தும் காட்டினார். சான்சிபாரில் சரிபார்க்காமல் பேச மறுத்த அதே ஆள்தான்! தன் சரக்கைப் பற்றிய பேச்சையும் எல்லோரும் பார்க்கச் சரிபார்த்தார்.

தம்பி பிரோஜ்ஷா தொழிலில் சேர்ந்தார். காமாவின் உறவினரான பாய்ஸ் என்பவர் பங்குதாரராக வந்தார். கொஞ்ச காலத்தில் அவர் விலகிவிட்டாலும் 'கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சோப்புக்கும் சாவி என்றே பெயர்

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், விலங்குக் கொழுப்பு சேர்க்காமல் தாவர எண்ணெயில் சோப்பு செய்து விற்றார் அர்தேஷிர். அதற்கு அவர் வைத்த பெயர் 'சாவி'. தமிழிலும் சாவி, குஜராத்தி, மராத்தி, இந்தியிலும் கிட்டத்தட்ட அதே சொல். போர்த்துகீசியர்கள் கொண்டு வந்த சொல் இது. நம்முடைய பழைய சொல் திறவுகோல்.

சுதேசி உணர்வு அவரை விடவில்லை. 1921ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து 3 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1928ல் தொழில் முழுவதையும் தம்பி கையில் கொடுத்துவிட்டு நாசிக் போய் விவசாயத்தில் இறங்கினார். 1936 ஜனவரியில் காலமானார். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52ல் நடந்தபோது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது அவர் தொடங்கிய நிறுவனம்தான். தனித்தனியாக வெளியே பூட்டு மாட்டினால் செலவு கூடும் என்பதால், பெட்டிக்குள்ளேயே பூட்டு அமைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

சாவியை யார் வைத்திருக்கிறார்?

கோர்டியன் பூட்டின் பாடம் இன்றைக்கும் பொருந்தும். பூட்டு எவ்வளவு உறுதி என்று கேட்கிற நாம், சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. பழைய வண்டி வாங்கினால் முதல் வேலை பூட்டை மாற்றுவது. ரிமோட் என்றால், பழைய ரிமோட்டை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சாவியில் எண் பொறித்திருந்தால் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீங்க. அந்த எண்ணை வைத்தே மாற்றுச் சாவி செய்யலாம்.

இரண்டாவது சாவி முக்கியம். பதிவு செய்த வண்டிக்குத் திருட்டையும் உள்ளடக்கிய இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், இழப்பீடு கேட்கும்போது நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் வழக்கமாகக் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால் சிக்கல். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பணம் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பதிவே இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வாங்கிய ரசீது, சேஸிஸ் எண், மோட்டார் எண், பேட்டரி எண் இவை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வண்டி காணோம் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது அது உங்களுடையது என்று காட்ட இவைதான் ஆதாரம். கறுப்பு கலர் வண்டி, முன்னாடி கூடை இருக்கும் என்று சொன்னால் யாராலும் சரிபார்க்க முடியாது. எண் இருந்தால் முடியும்.